அரைநாள் வேலை

"பொம்புளப் புள்ளக்கி டீச்சர் வேலதான் சரி. அரைநாள் வேல. ரெண்டு மணிக்கெல்லாம் ஊட்டுக்கு வந்திரலாம்."

இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்த மாணவி ஒருத்தியாவது எங்கள் கல்லூரியில் இருப்பாளா என்பது சந்தேகம்தான். கல்யாண வீடுகளில் கேட்டிருக்கிறோம், பெருநாளைக்கு வந்த மாமிமாரிடம் கேட்டிருக்கிறோம், பெற்றோர் கூட்டத்துக்கு வந்த உம்மாமார் வராந்தாவில் நின்று பேசும்போதும் கேட்டிருக்கிறோம். நானும் அதை நம்பியிருந்தேன். உயர்தரத்தில் இசட் புள்ளி பல்கலைக்கழகத்துக்குப் போதாமல் போனால் கல்வியியற் கல்லூரி இருக்கிறதே என்று விடுதியில் இரவு படிக்கும்போது நாங்களே ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்வதுண்டு. ஆசிரியத் தொழில் எங்களுக்கு அப்படி ஒரு ஆறுதல் பரிசாகவே இருந்தது.

சென்ற வருடம் என் தாத்தா டீச்சரானார். அதன் பிறகு அந்த வசனத்தை யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை எழுதிவிடலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

தாத்தா கல்வியியற் கல்லூரியில் கணிதம் படித்தவர். இரண்டு வருடம் கல்லூரியில் தங்கிப் படிப்பு, மூன்றாவது வருடம் பாடசாலையொன்றில் உள்ளகப் பயிற்சி. எல்லாம் முடிந்து நியமனக் கடிதம் வந்தபோது வீட்டில் வட்டிலப்பம் செய்தோம். கடிதத்தில் இருந்த பாடசாலையின் பெயரை வாசித்ததும் உம்மாவின் முகம் மாறியது. ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் வழியில், நோர்வூட்டையும் தாண்டி இறங்கி, பிரதான வீதியிலிருந்து தேயிலை மலைக்குள் ஏறிப் போக வேண்டிய தோட்டப் பாடசாலை அது. பஸ்ஸில் இறங்கியபின் ஆட்டோ கிடைத்தால் ஆட்டோ, கிடைக்காவிட்டால் நடை. மழைக்காலத்தில் நடைதான், ஏனென்றால் அந்தப் பாதையில் ஆட்டோக்காரர்கள் வர மாட்டார்கள்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு உம்மாவுக்குப் புதிய இடம் எதுவானாலும் பயம். "அபாயாவோட போனா என்ன சொல்லுவாங்களோ" என்று முதல் கிழமை முழுக்கப் புலம்பினார். அங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தரம் 9 பிள்ளைகளுக்கு இருந்த ஒரே கேள்வி, அந்த முந்தானைக்குள் மொத்தம் எத்தனை குண்டூசி இருக்கிறது என்பதுதான். அபாயாவால் வந்த தொல்லை அட்டையிடமிருந்து மட்டும்தான். கீழ்விளிம்பில் ஏறிக்கொண்டு பாடசாலை வரைக்கும் இலவசமாக வந்துவிடும். உப்பும் சவர்க்காரமும் கலந்து ஒரு துணிப்பொட்டலமாகக் கட்டிக் காலில் தேய்த்துக்கொண்டு போகப் பழகினார் தாத்தா. இதைக் கல்வியியற் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

முதல் நாள் தரம் 10 வகுப்பில் இடாப்பைத் திறந்தபோது பின்வாங்கில் இருந்து ஒரு பையன் எழுந்து மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறான்: "டீச்சர், நீங்க எத்தன மாசத்துக்கு?"

வகுப்பு சிரிக்கவில்லை. எல்லாரும் பதிலுக்குக் காத்திருந்தார்களாம். அந்தப் பிள்ளைகள் தரம் 6இலிருந்து அதுவரை நான்கு கணித ஆசிரியர்களைப் பார்த்துவிட்டார்கள். இடையில் ஒரு வருடம் யாருமே இல்லை. வந்தவர்கள் எல்லாரும் கஷ்டப் பிரதேசச் சேவையை முடித்துக்கொண்டோ, யாரையாவது பிடித்து இடமாற்றம் எடுத்துக்கொண்டோ போனவர்கள். பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு ஆசிரியரை எதற்காக நம்ப வேண்டும் என்பதை நான் அன்றுதான் யோசித்தேன். எங்கள் கல்லூரியில் கணித மிஸ் ஒரு நாள் வராவிட்டால் நாங்கள் சந்தோஷப்படுவோம், ஏனென்றால் நாளைக்கு வருவார் என்று எங்களுக்குத் தெரியும்.

தாத்தாவின் முதல் தவணை மோசமாகப் போனது. இதை அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகள். அவர்களில் பாதிப் பேருக்குப் பின்னம் தெரியாது, சிலருக்குப் பெருக்கல் வாய்பாடே தெரியாது. பாடத்திட்டமோ இருபடிச் சமன்பாட்டில் நிற்கிறது. எங்கிருந்து தொடங்குவது? பின்னத்திலிருந்து தொடங்கினால் தெரிந்த பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். சமன்பாட்டிலிருந்து தொடங்கினால் தெரியாத பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார்கள். அங்கே பார்ப்பதற்கு மலையும் இருக்கிறது, கொழுந்து எடுக்கும் அம்மாமாரும் இருக்கிறார்கள். ஒருநாள் மூத்த ஆசிரியை ஒருவர், "முதல் தவணை முடியும் வரைக்கும் பல்லைக் காட்டாதீங்க, பிறகு சரியாகிடும்" என்று அறிவுரை சொன்னாராம். தாத்தாவும் காட்டவில்லை. அதனால் ஒன்றும் சரியாகவில்லை. பிள்ளைகளும் காட்டாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

பின்னேரம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார்களே, தாத்தா வரும்போது நான்கு மணியாகும். தொழுதுவிட்டு அடுத்த நாள் பாடக் குறிப்பு, திருத்த வேண்டிய கொப்பிகள், வலயக் கல்விப் பணிமனை கேட்ட படிவங்கள். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்தபின் அழும் சத்தம் கேட்டதாக உம்மா பிறகு சொன்னார். இது என்ன அரைநாள்? மற்ற அரைநாள் எங்கே போனது?

நான் அந்தப் பாடசாலையை நேரில் பார்த்தது நோன்பு மாதத்தில். எங்கள் முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு லீவு, தமிழ்ப் பாடசாலைகளுக்கு அது இல்லை. ஆகவே நான் விடுதியிலிருந்து வந்து வீட்டில் படுத்திருக்க, தாத்தா ஸஹருக்குப் பிறகு தூங்காமல் பஸ் எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு இலவச மேலதிக வகுப்பும் வைத்தார். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாவிட்டால் பொதுவாக உயர்தர வகுப்பின் வாசலிலேயே நின்றுவிட வேண்டியதுதான். அந்தப் பிள்ளைகளுக்கு அந்த வாசல் எவ்வளவு இறுக்கமானது என்று தெரிந்திருந்தது. பஸ்ஸில் தனியாகப் போக வேண்டாம் என்று உம்மா என்னையும் கூட்டி அனுப்பினார். நான்கு சனிக்கிழமை போனேன்.

முதல் சனிக்கிழமை வகுப்பு வாசலில் நின்று, வழமைபோல "தாத்தா!" என்று கூப்பிட்டேன். வகுப்பே வெடித்துச் சிரித்தது. அவர்களுக்குத் தாத்தா என்றால் அப்பாவின் அப்பா. இருபத்துநான்கு வயது டீச்சரை ஒரு பிள்ளை வந்து கிழவன் முறை சொல்லிக் கூப்பிட்டால் சிரிப்பு வராதா? ஒரு பிள்ளை வாங்கிலிருந்து சரிந்தே விட்டாள். தாத்தாவும் சிரித்துவிட்டார். மூத்த ஆசிரியை சொன்ன கட்டளை அந்த நிமிடத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு அந்த வகுப்பு மாறத் தொடங்கியது என்று தாத்தா சொல்கிறார். அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

அவர்கள் எங்கள் பேச்சையும் பழகிக்கொண்டார்கள். "டீச்சர், புத்தகம் ஊட்டுல ஈக்கி" என்று ஒரு பையன் தாத்தாவைப் போலவே சொல்லிக் காட்டுவான். தாத்தாவும் பதிலுக்கு அவர்களுடைய பேச்சில் திட்டுவார். நோன்பென்று தெரிந்தபின் இடைவேளையில் டீச்சருக்கு முன்னால் யாரும் ரொட்டியை எடுக்கவில்லை. எழுந்து பின்புறம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. "எச்சிலையும் முழுங்க மாட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டது மட்டும் ஒருவன்.

இரண்டாவது சனிக்கிழமை தாத்தா என்னிடம் ஐந்து பிள்ளைகளைத் தந்து, "இவங்களுக்குச் சதவீதம் சொல்லிக் குடு" என்றார். நான் வர்த்தகப் பிரிவு, சதவீதம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடையில் 20 சதவீதக் கழிவு என்று தொடங்கினேன். ஐந்து பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். மறுபடி சொன்னேன். மறுபடியும் அதே முகங்கள். எனக்கு வியர்த்தது. அரை மணித்தியாலத்தில் என் குரல் உயரத் தொடங்கியதை நானே கேட்டேன். ஒரு வருடம் முழுவதும் தாத்தா நின்ற இடத்தில் நான் அரை மணித்தியாலம் நின்றதற்கே இந்தக் கதி.

அப்போது ஒரு பிள்ளை, "அக்கா, கொழுந்துல கேக்கலாமா?" என்றாள். அவளுடைய அம்மா கொழுந்து எடுக்கிறவர். நாளுக்கு 18 கிலோ கொடுத்தால்தான் அந்தத் தோட்டத்தில் முழுப்பேர் விழும், இல்லாவிட்டால் அரைப்பேர். மூன்று தடவை நிறுப்பார்களாம். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று ஒவ்வொரு தடவையும் இரண்டு கிலோவைக் கழிப்பார்களாம். "அப்ப அம்மா 24 கிலோ எடுத்தாத்தான் 18 விழும். கழிக்கிறது எத்தன சதவீதம்?" என்று கேட்டாள். நான் கொப்பியில் எழுதத் தொடங்குவதற்குள் பின்வாங்கிலிருந்து பதில் வந்தது: "இருவத்தஞ்சு."

அவன்தான், எத்தனை மாதத்துக்கு என்று முதல் நாள் கேட்டவன். எந்நேரமும் மேசையில் விரல்களால் தப்பு அடித்துக்கொண்டே இருப்பான். அவனுடைய அப்பாவும் மாமாவும் தப்பு அடிக்கிறவர்கள், காமன் கூத்துக் காலத்தில் அவனும் கூடவே போவானாம். வாய்பாடு கேட்டால் முழிப்பான், மனக்கணக்கு மின்னல். அவனுக்குக் கணிதம் வராது என்று முந்திய அறிக்கைப் புத்தகங்களில் எழுதியிருந்தது. அவனுக்கு வராமல் இருந்தது கணித ஆசிரியர்.

நாளுக்கு ஆறு கிலோ. அந்தக் கணக்கைச் செய்துகொண்டு நான் அன்று பஸ்ஸில் வந்தேன். 1,000 ரூபாய்ச் சம்பளம் வேண்டும் என்று மலையகத்தில் எத்தனை வருடம் போராட்டம் நடந்தது என்பது ஹட்டனில் இருக்கும் எங்களுக்குத் தெரியும், மல்லியப்புச் சந்தியைச் சனம் மறித்துக்கொண்டிருக்கும்போது வாப்பா கடையைப் பாதிக் கதவில் வைத்திருப்பார். 2021இல்தான் 1,000 ஆனது, 2024இல் 1,350. அந்தச் சம்பளமும் 18 கிலோவுக்குப் பின்னால்தான் நிற்கிறது என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை எனக்குச் சதவீதம் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

இனி எழுதப் போவது எனக்குக் கஷ்டமான பகுதி.

இரண்டாந் தவணையில் ஒரு வெள்ளிக்கிழமை, தாத்தாவுக்கு உடம்பும் சரியில்லை, வலயத்திலிருந்து மேற்பார்வைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவன் மேசையில் தட்டிக்கொண்டே இருந்தான். மூன்று முறை சொல்லியும் நிறுத்தவில்லை. தாத்தா புத்தகத்தை மேசையில் அடித்து, "ஒனக்கெல்லாம் படிப்பு எதுக்கு? போ வெளிய" என்று கத்திவிட்டார். அவன் போனான். அடுத்த திங்கட்கிழமை வரவில்லை, அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. மூன்றாவது கிழமை, அவன் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டதாக ஒரு பிள்ளை சொன்னாள்.

பிள்ளைகளை அடிக்கக் கூடாதென்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. தாத்தா யாரையும் ஒருநாளும் அடித்ததில்லை. ஆனால் அந்த ஒரு வசனத்தை அவர் இன்னும் மறக்கவில்லை.

அந்தப் பாடசாலையில் ஒரு சேர் இருக்கிறார். அதே தோட்டத்து லயத்தில் பிறந்து அதே பாடசாலையில் படித்தவர். 2015ஆம் ஆண்டளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஏறத்தாழ மூவாயிரம் பேரை ஆசிரிய உதவியாளர்களாக நியமித்தார்களே, அவர்களில் ஒருவர். உயர்தரம் சித்தியடைந்தவர்களை எடுத்து, பயிற்சிக்கு முன்னரே வகுப்பில் நிறுத்தினார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய், பிறகு 10,000 ஆனது. பெயர்தான் உதவியாளர். உதவி செய்வதற்குப் பக்கத்தில் வேறு ஆசிரியர் இருக்கவில்லை. தான் படிப்பித்த முதல் வருடம் என்ன சொன்னோம், எப்படிச் சொன்னோம் என்று நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கும் என்று அவர் தாத்தாவிடம் சொல்லியிருக்கிறார்.

தாத்தா அவரிடம் போய், "என்னாலதான் அவன் போனானா சேர்?" என்று கேட்டார். சேர் ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. அவனுடைய அப்பா விழுந்து காலை உடைத்துக்கொண்டு இரண்டு மாதமாக வேலைக்குப் போகவில்லை, கடன் இருக்கிறது, கொழும்பிலிருந்து ஆள் கேட்டு வந்திருந்தார்கள் என்றார். "அவன் எப்படியும் போயிருப்பான்னு சொல்ல மாட்டேன் டீச்சர். போறதா வேண்டாமான்னு நின்னுக்கிட்டு இருந்திருப்பான். நீங்க வெளிய போன்னு சொன்னீங்க." அன்று பின்னேரம் சேரும் தாத்தாவும் இன்னோர் ஆசிரியையும் லயத்துக்குப் போனார்கள். தாத்தா ஒரு மாணவனின் வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. அவனுடைய அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "பையன் ஒங்களப் பத்தித்தான் டீச்சர் பேசுவான்" என்றாராம். அதைக் கேட்காமலே வந்திருக்கலாம் என்றார் தாத்தா.

பிறகு அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிய வந்தது. புறக்கோட்டையில் ஒரு கடை. அந்தக் கடை முதலாளி வாப்பாவுக்குத் தெரிந்தவர், எங்கள் ஆட்கள்தான்.

அன்றிரவு எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதத்தை முழுதாக எழுத முடியாது. வாப்பா கெட்டவர் இல்லை. தோட்டத்துச் சனங்களுக்குத் தீபாவளி முற்பணம் கிடைக்கும் வரை கடன் கொடுத்துவிட்டுக் கொப்பியை மூடி வைக்கிறவர். "பசிக்குதுன்னு வந்தவனுக்கு வேல குடுத்தது குத்தமா? சாப்பாடும் தங்க எடமும் குடுத்து ஊட்டுக்குச் சல்லியும் அனுப்புறாங்க" என்றார். அதற்குத் தாத்தா, "அவனுக்குப் பதினஞ்சு வயசு வாப்பா" என்றார். நாட்டின் சட்டப்படி பதினாறு வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும். வாப்பாவுக்கும் அது தெரியும். வேலைக்கு வைக்கிற எல்லாருக்கும் தெரியும்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஓர் அக்கா இருந்தார். மஸ்கெலியாப் பக்கத் தோட்டம். என் தலையை வாரிவிட்டதும், முன்பள்ளிக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனதும் அவர்தான். அவருக்கு அப்போது என்ன வயது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இந்தச் சண்டைக்குப் பிறகு உம்மாவிடம் கேட்டேன். உம்மா விரலை மடித்துப் பார்த்துவிட்டு, "பதினாலு, பதினஞ்சு ஈக்கும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நாங்க நல்லாத்தானே பாத்துக்கிட்டோம்" என்றார். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டோம், அதில் பொய்யில்லை. ஆனால் நான் முன்பள்ளிக்குப் போன நேரத்தில் அவர் போயிருக்க வேண்டிய ஒரு வகுப்பு இருந்தது. அந்த வகுப்பின் இடாப்பில் அவருடைய பெயருக்கு நேரே ஒரு ஆசிரியை சிவப்புக் கோடு போட்டிருப்பார்.

2021 யூலையில் டயகமவைச் சேர்ந்த ஒரு சிறுமி, கொழும்பில் வீட்டு வேலைக்கு இருந்த இடத்திலிருந்து தீக்காயங்களோடு வைத்தியசாலைக்குக் கொண்டு வரப்பட்டு இறந்துபோனது எல்லாருக்கும் நினைவிருக்கும். பதினாறு வயது. அப்போது எங்கள் வீடுகளில் அதை அரசியலாகத்தான் பேசினார்கள், யாருடைய வீடு, எந்தக் கட்சி, ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறார்கள் என்று. நானும் தரம் 7இல் இருந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் எந்தப் பாடசாலையில் எந்த வகுப்போடு நின்றாள், அவளுக்குப் படிப்பித்த ஆசிரியை யார், அந்த ஆசிரியை அன்று எப்படி நித்திரை கொண்டார் என்று யாரும் கேட்கவில்லை. தாத்தாவைப் பார்த்தபின் எனக்கு அந்த ஆசிரியையின் நினைவுதான் வருகிறது.

இதெல்லாம் நேற்றுத் தொடங்கிய கதையும் இல்லை. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிக்கூடங்கள் அதற்கு வெளியே, தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே விடப்பட்டன. துரைமாருக்குப் பிள்ளைகள் படித்து என்ன ஆக வேண்டியிருந்தது? 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் அந்தப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியது. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு முப்பது வருடம் பிந்தி ஓடத் தொடங்கியவர்கள் இவர்கள். பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது, கொட்டகலையில் ஆசிரியர் கலாசாலை இருக்கிறது, தோட்டத்துப் பிள்ளைகளே படித்து ஆசிரியர்களாகித் திரும்பி வந்தார்கள். அந்த சேரைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் இன்றைக்குப் பல பாடசாலைகளுக்குக் கதவு திறக்க ஆள் இருந்திருக்காது. இருந்தும் கணிதம், விஞ்ஞானம் என்றால் இப்போதும் ஆள் தேட வேண்டியிருக்கிறது.

என் அபிப்பிராயம் இதுதான். நாட்டிலேயே மிகக் கஷ்டமான வகுப்புகளுக்கு, நாங்கள் மிகப் புதிய ஆசிரியர்களைத் தனியாக அனுப்புகிறோம். இருபது வருட அனுபவமுள்ளவர்கள் பட்டணத்துப் பாடசாலைகளில், ஏற்கெனவே டியூஷனுக்குப் போகிற எங்களைப் போன்றவர்களுக்குப் படிப்பிக்கிறார்கள். முதல் வருட ஆசிரியை பிழை விடுவார், விடத்தான் செய்வார். நானே அரை மணித்தியாலத்தில் விட்டேன். எங்கள் கல்லூரியில் புதிதாக வருகிற மிஸ் பிழை விட்டால் எங்கள் உம்மாமார் அதிபரிடம் வருவார்கள், எங்களுக்கு வேறு மிஸ் கிடைப்பார். அங்கே ஒரு பிழைக்கு ஒரு பிள்ளை பஸ் ஏறிவிடுகிறது. அந்த முதல் வருடத்திலாவது, பக்கத்து வகுப்பில் ஒரு அனுபவமுள்ளவர் இருந்து, கிழமைக்கு ஒருதரம் வந்து வகுப்பின் பின்னால் உட்கார்ந்து, "இன்றைக்கு இந்த இடத்தில் இப்படிச் செய்திருக்கலாம்" என்று சொல்ல ஒரு ஏற்பாடு வேண்டும். ஆசிரிய ஆலோசகர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் தாத்தாவின் வகுப்புக்கு வருடத்தில் இரண்டு தரம் வந்தார்கள், வந்து பாடக் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துக் கையெழுத்து வைத்தார்கள். தாத்தாவுக்கு உண்மையில் ஆலோசகராக இருந்தவர் அந்த சேர்தான், அதுவும் அவருடைய நல்ல மனத்தால்.

பெற்றோரிடமும் ஒன்று கேட்க வேண்டும். எங்களை டீச்சராகச் சொல்கிறீர்கள், சரி. ஆனால் அரைநாள் வேலை என்று சொல்லி அனுப்பாதீர்கள். அப்படி நினைத்துப் போகிறவள் அங்கே போன முதல் நாளிலேயே இடமாற்றப் படிவம் தேடுவாள், அந்தப் பிள்ளைகளுக்கு அது முகத்திலேயே தெரிந்துவிடும்.

தீபாவளிக்கு அவன் ஊருக்கு வந்தான். பாடசாலை விடுகிற நேரத்தில் கேற்றுக்கு வெளியே நின்றானாம். புதுச் சப்பாத்து, புதுப் போன், முடியை வேறு மாதிரி வெட்டியிருந்தான். அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கும் அதிரசமும் ஒரு பையில். தாத்தா மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், "டீச்சர், கடையில கணக்கெல்லாம் இப்ப நான்தான் பாக்குறேன், கல்குலேட்டர் இல்லாம" என்றான். சந்தோஷமாகச் சொன்னான். தாத்தாவுக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அதிரசப் பையை மேசையில் வைத்துவிட்டு, வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. வாப்பா ஓர் அதிரசத்தை எடுத்துப் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியைத் தட்டில் வைத்தார். அடுத்த கிழமை புறக்கோட்டைக்குப் போனபோது அந்த முதலாளியோடு வாப்பா ஏதோ பேசியிருக்கிறார். என்ன பேசினார் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. அவன் இன்னும் கடையில்தான் இருக்கிறான். அவனுக்கு இப்போது பதினாறு முடிந்துவிட்டது, ஆகவே சட்டத்துக்கும் அவனோடு வேலையில்லை.

தாத்தாவின் தரம் 11 வகுப்பில், அந்தச் சனிக்கிழமைக்கு வந்த பிள்ளைகளில் பலர் தவணைப் பரீட்சையில் கணிதம் சித்தியடைந்திருக்கிறார்கள். கொழுந்துக் கணக்குக் கேட்ட பிள்ளைக்கு 71 புள்ளி. இதையும் எழுதாவிட்டால் தாத்தா என்னோடு கோபித்துக்கொள்வார்.

உம்மா சும்மா இருக்கவில்லை. ஹட்டனில் ஒரு பாடசாலையிலிருந்து தோட்டப் பக்கம் போக விரும்பும் ஆசிரியை ஒருவரைத் தேடிப் பிடித்துவிட்டார். ஒத்துமாறல் இடமாற்றம், இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை, அட்டை இல்லை, இரண்டு மணிக்கு வீடு. நியாயமான ஆசைதான், அடுத்த வருடம் தாத்தாவுக்குக் கல்யாணம் பேசவும் வேண்டும். போகாதே என்று தாத்தாவுக்குச் சொல்ல எனக்கு என்ன உரிமை? அந்த மலையை மழையில் ஏறுவது நான் இல்லையே. ஆனாலும் போகக் கூடாது என்றுதான் என் மனம் சொல்கிறது. இதை உம்மா வாசிப்பார் என்று தெரிந்துகொண்டே எழுதுகிறேன்.

வருடக் கடைசி நாள் தரம் 9 பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள், "அடுத்த வருஷமும் வருவீங்களா டீச்சர்?" என்று. தாத்தா, "இன்ஷா அல்லாஹ்" என்றார். ஒரு பிள்ளை கையை உயர்த்தி, "டீச்சர், அப்படின்னா ஆமாவா, இல்லையா?" என்று கேட்டதாம்.

படிவம் இன்னும் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருக்கிறது. உம்மா அதன் மேல் ஒரு பேனையும் வைத்திருக்கிறார்.